ருக்கு கொடுத்த பீன்ஸ் விதை

எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, ஆனேக்கல் போகும் வழியில், ருக்குவும் அவள் கணவன் அய்யாவுவும் ஓர் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து பீன்ஸ் போட்டிருந்தார்கள். அய்யாவுக்கு ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை. வயல் முழுக்க ருக்குவின் பொறுப்பு.

செடி பூவெடுத்த வாரம் விடாமல் மழை பெய்தது. இலைகளில் எண்ணெய் தெறித்ததுபோல் புள்ளிகள் தெரிந்தன. சில நாளில் அவை பழுப்பாகி, சுற்றிலும் மஞ்சள் ஓரம் கட்டின. கடைக்காரர் கொடுத்த பூஞ்சண மருந்தை இரண்டு முறை அடித்தாள். கேட்கவில்லை. பிறகு தினமும் விடிந்ததும் வயலில் இறங்கி, கெட்ட இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். மறுநாள் இன்னும் அதிகமாக இருந்தன.

பிஞ்சிலும் புள்ளி விழுந்த பிறகுதான் அய்யாவு பயிர்நோய் ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தான். அங்கிருந்து சிந்தியா என்ற பெண் வந்தாள். வரப்பிலேயே நின்று, ஓர் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அக்கா, இது பூஞ்சணம் இல்ல. பாக்டீரியா கருகல். நீங்க அடிச்ச மருந்து இதுக்குக் கேக்காது."

"வேற என்ன அடிக்கணும்னு சொல்லுங்க மேடம். இன்னிக்கே அடிக்கிறேன்."

"தாமிர மருந்து இருக்கு. ஆரம்பத்துலயே அடிச்சிருந்தா பரவாம கொஞ்சம் தடுத்திருக்கும். வந்துட்டதை அது குணப்படுத்தாது." சிந்தியா தயங்கினாள். "இலை ஈரமா இருக்கறப்ப உள்ள இறங்குனீங்களா?"

"தினமும் காலைல. கெட்ட இலையெல்லாம் நான்தானே கிள்ளிப் போட்டேன்."

"ஈரத்துல தொட்டா, கையிலயும் துணியிலயும் ஒட்டிக்கிட்டு அடுத்த செடிக்குப் போயிடும், அக்கா."

ருக்கு செருகியிருந்த முந்தானையை எடுத்து மறுபடி செருகினாள்.

"விதை எங்க வாங்குனீங்க?"

"வாங்கல. போன வெள்ளாமையில நானே எடுத்து வெச்சது."

"அதுலதான் வந்திருக்கணும். போன தடவை லேசா இருந்திருக்கும், கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது."

ருக்கு வரப்புக்கு அப்பால் திரும்பிப் பார்த்தாள். அதே விதையில் பாதியைப் பக்கத்து வயல் சேஷகிரிக்குக் கொடுத்திருந்தாள். மனைவி இறந்தபின் ஒரு வருஷம் நிலத்தைத் தரிசாகப் போட்டிருந்தவர். அவள் நச்சரித்துதான் மறுபடி உழுதார்.

அன்று மாலையே போனாள். அவர் செடிகளிலும் மஞ்சள் ஓரம். சிந்தியா சொன்னதையெல்லாம் சொன்னாள். சேஷகிரி குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சு கொடுத்தியா ருக்கம்மா?"

"ஐயோ, இல்லண்ணா!"

"சரி, போ. இனிமே நம்ம ஹொலத்துல, இந்த வயல்ல, கால் வெக்க வேணாம்."

அவர் குரலை உயர்த்தியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும்.

மழை விட்டு இலை காய்ந்த நாளில் அய்யாவு லீவு போட்டான். இருவரும் செடிகளை வேரோடு பிடுங்கிக் குவித்தார்கள்.

"மேடம் சொன்னாங்க, மூணு வருஷம் இதுல பீன்ஸ் போடக் கூடாதாம்," என்றாள்.

"அடுத்த வருஷமே குத்தகை முடியுது," என்றான் அய்யாவு.

வரப்புக்கு அப்பால் சேஷகிரி எதையும் பிடுங்கவில்லை. இரண்டு மாடுகளையும் அவிழ்த்துப் பயிருக்குள் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.