ஊசியா ஸ்பீக்கரா

1

இந்தக் கதையை நான் பக்கத்து வீட்டிலிருந்து எடுத்தேன். பினாங்கின் ஜெலுத்தோங் பகுதியில் எங்கள் வீட்டுக்கும் ராமதாஸ் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். 1984இல் ஒரு மாதம் முழுக்க அந்தச் சுவருக்கு அப்பால் ஒரே வாக்குவாதம்: போனஸ் பணத்தில் ஸ்டீரியோவில் எதை மாற்றுவது? அவருக்குப் பெரிய ஸ்பீக்கர் வேண்டும். அவர் மனைவி புஷ்பவள்ளிக்குப் புது ஊசி.

(ஊசி என்றால் ரெக்கார்ட் பிளேயரின் கை நுனியிலிருந்து இசைத்தட்டின்மேல் ஓடும் அந்தக் கடுகளவுப் பொருள். அதை வைத்து ஒரு கதையா என்று ஒரு வாரம் எழுதாமலே இருந்தேன்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: “ராமதாஸ் பிடிவாதக்காரர். மனைவி சொல்வதை ஒருநாளும் காதில்—”

நிறுத்திவிட்டேன். அது பொய்.

2

புஷ்பவள்ளி இருபது வயதில் தண்ணீர்மலை முருகன்மேல் ஒரு பாட்டுப் பாடினார். சிங்கப்பூரில் நூறு தட்டு அடித்தார்கள். மிஞ்சியது ஒன்றே ஒன்று. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறுதோறும் காலையில் ராமதாஸ் அதைப் போடுவார். வரவரப் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்டது.

“சின்ன ஸ்பீக்கர் தாங்கல,” என்று ஒருநாள் வாசலில் நின்று என்னிடம் சொன்னார். “பெருசா வாங்கிப் போட்டா இந்த லோரோங் முழுக்க அவ குரல் கேக்கும்லா.” (லோரோங் என்றால் எங்கள் சந்து.)

இந்த மனிதரையா வில்லனாக்கப் பார்த்தேன்? முதல் பக்கத்தைக் கிழித்தேன்.

3

கடையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. புஷ்பவள்ளியே சொன்னார். (அவர் தன் பக்கம் கொஞ்சம் தூக்கிச் சொல்லியிருக்கலாம். நான் குறைக்கவில்லை.)

பினாங்கு ரோட்டில் முகம்மது சுல்தானின் கடை. ஆளுயர ஸ்பீக்கர் இரண்டைத் தட்டிக் காட்டி, “அண்ணே, இத மாட்டுனா எல்லாம் சரியாயிடும்,” என்றார் சுல்தான். ராமதாஸ் தலையாட்டிவிட்டார்.

“ரேடியோவும் எங்க வீட்டு ஸ்பீக்கர்லதானே வருது?” என்று புஷ்பவள்ளி கேட்டார். “செய்தி வாசிக்கிறவரு ‘ச’ன்னா சுத்தமா வருது. தட்டு போட்டா மட்டும் என் ‘ச’ சீறுது. அப்ப ஸ்பீக்கர் என்ன பாவம் பண்ணுச்சு?”

“அக்கா, இதெல்லாம் டெக்னிக்கல்.”

“தம்பி, நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல இருபது வருஷமா ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் லைன் போட்டுக் குடுக்குறேன். கரகரப்பு எந்த முனையிலேருந்து வருதுன்னு கேட்டாலே தெரியும்.”

கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த பழைய ஊசியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

சுல்தான் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை ராமதாஸிடம் நீட்டினார். “நீங்களே பாருங்க அண்ணே. உளி மாதிரி தேஞ்சிருக்கு. இத வச்சு ஓட்டுனா தட்டத்தான் செதுக்கும்.”

ராமதாஸ் பார்த்தார். கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை.

“அப்ப ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒன் குரல நான்தான் அழிச்சேனா, புஷ்பா?”

“கேக்கணும்னுதானே போட்டீங்க,” என்றார் புஷ்பவள்ளி. “மிச்சம் இருக்கும். ஊசிய வாங்குங்க.”

4

இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் வந்தன.

அ) பாட்டு முழுக்க அழிந்துபோயிருந்தது. (அழுகை. அடித்துவிட்டேன்.)

ஆ) பாட்டு புதிதுபோல ஒலித்தது. (செதுக்கிய தட்டு ஆறுமா? இதையும் அடித்துவிட்டேன்.)

புது ஊசியை மாட்டியதும் நடந்தது இதுதான். இரைச்சல் முழுக்கப் போகவில்லை. ஆனால் அதற்குள்ளிருந்து ஓர் இளம்பெண் தெளிவாக எழுந்து வந்தாள். அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. ராமதாஸ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். இரண்டாம் சரணத்தில் புஷ்பவள்ளி கையை உயர்த்தினார்.

“கேட்டீங்களா? ‘மலை’ன்னு மேல போகணும். பாதியிலயே எறங்கிட்டேன். இத்தன வருஷமா கரகரப்பு என்னைக் காப்பாத்தியிருக்கு.”

சிரிப்பு அடங்கவில்லை அவருக்கு. பிளேயரை நிறுத்தச் சொன்னார். எழுந்து நின்று, நாற்பத்திரண்டு வயதுக் குரலில் அதே வரியைப் பாடினார். ‘மலை’ போக வேண்டிய இடத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. எதிர்வீட்டு ரோஹானா துணி காயப்போட்ட கையோடு ஜன்னல் பக்கம் வந்து நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. பாடி முடியும்வரை நகரவில்லை.

5

ஊசி வாங்கியது போக போனஸில் மீதி இருந்தது. மறுநாளே மறுபடி வாக்குவாதம். இந்தத் தடவை ராமதாஸ், “ஸ்பீக்கர் வேணாம். கேசட் ரெக்கார்டர் வாங்குவோம். நீ இப்ப பாடுறத எடுக்கணும்,” என்கிறார்.

“அதெல்லாம் அப்புறம். கடையில பாத்தோமே, அந்தப் பெரிய ஸ்பீக்கர்தான் வேணும்,” என்கிறார் புஷ்பவள்ளி. “லோரோங் முழுக்கக் கேக்க வேணாமா?”

எது வீட்டுக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். இருவரும் சரியாகச் சொன்ன சண்டையை முடித்துவைக்க நான் யார்? உங்கள் காது எந்தப் பக்கம் சாய்கிறதோ, அதை வாங்கிக் கொடுங்கள்.