ஒன்பதாவது கேள்வி

ஜெஸ்பினுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் எல்லாம் மஞ்சள் நிறத்தைப் பற்றியவை. கண் மஞ்சளா, மூத்திரம் மஞ்சளா, உடம்பு அரிக்கிறதா. மருந்துகள் ஈரலை எப்படிக் கெடுக்கின்றன என்று இருபத்திரண்டு வருடங்களாக ஆராய்கிறாள். நோயாளிகளைத் தவிர வேறு யாரும் அவளை அழைப்பதில்லை. ஆரல்வாய்மொழியில் வாடகை வீடு. ரத்தம் எடுக்கிற வேலை என்று பக்கத்து வீட்டில் நினைத்திருக்கிறார்கள். அவள் திருத்தியதில்லை.

அவள் பெயர் ஓரளவு வெளியே தெரிந்தது ஒரே ஒரு கட்டுரையால். வலிப்புக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரையால் ஈரல் கெட்ட பதினான்கு பேரைப் பற்றியது. மஞ்சள் காமாலைக்கு மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கியிருந்தாள். வைரஸ் இல்லை, குடி இல்லை, வேறு மருந்து இல்லை. மிஞ்சியது மாத்திரை.

பதினான்கில் ஐந்தாவது ஆள் தேங்காய்ப்பட்டணம் ஷாஹுல். விசைப்படகு ஓட்டியவன். அந்த மாத்திரை போட்ட எட்டு மாதமும் அவனுக்கு வலிப்பு வரவில்லை. பிறகு கண் மஞ்சளித்தது. மாத்திரைதான் காரணம் என்றாள் ஜெஸ்பின், வலிப்பு டாக்டர் அதை நிறுத்தினார். மாற்று மாத்திரை சரியாகப் பிடிக்கவில்லை. மாதம் ஒரு தடவையாவது வலிப்பு வந்து விழுந்தான். விழுகிறவனை யாரும் படகில் ஏற்றுவதில்லை. நான்கு வருடமாகக் கரையில் உட்கார்ந்து பிறர் வலையைச் சரிசெய்கிறான். அவன் பர்ஸில் ஜெஸ்பின் கொடுத்த பிளாஸ்டிக் உறையிட்ட அட்டை இருக்கிறது. ‘இந்த மாத்திரையை இவருக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது.’ கீழே அவள் கையெழுத்து.

ஜூனில் அவன் கூப்பிட்டான். “டாக்டரே, கண்ணு பின்னயும் மஞ்சளிச்சிற்று.”

மறுநாள் காலை இரண்டு பஸ் மாறிப் போனாள். படிவத்தில் ஒன்பது கேள்விகள். ஒன்பதாவதை எப்போதும்போலக் கேட்டாள்.

“வேற மருந்து ஏதாவது சாப்பிட்டியளா?”

“இல்ல.”

‘இல்லை’ என்று எழுதினாள். அப்போது அவன் மனைவி தஸ்ரின் பாலில் எதையோ கலக்கிக்கொண்டு வந்தாள். பச்சையாக இருந்தது.

“இதக் குடிச்சுக்கிட்டுப் பேசுங்க. ஆறிப்போவும்.”

“என்ன அது?”

“சத்துப்பொடி டாக்டரே. உடம்பு தேறதுக்கு. எங்க மாமி மவ ஷப்னா விக்கா. அவ முகத்தப் பாத்தா இல்லன்னு சொல்ல முடியாது.”

“எப்ப இருந்து?”

“ஒரு மாசமாச்சு. மொதல்ல மஞ்சளிச்சப்பவும் இதத்தான் குடிச்சாரு. ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நிறுத்தினது. பின்ன, வாய்க்குப் பிடிக்கல்லன்னு தொடவே இல்ல.”

“ஷாஹுல், மருந்து இல்லன்னு சொன்னியளே.”

“மருந்து இல்லல்லா. இது பொடி.”

“டாக்டருக்கும் ஒண்ணு கலக்கட்டா?” என்றாள் தஸ்ரின். “வாடிப்போயில்லா இருக்கிய.”

ஜெஸ்பின் கிளாஸை வாங்கி ஓரமாக வைத்தாள். நான்கு வருடமாக அவன் அந்த மாத்திரையைத் தொடவில்லை. பொடியை இரண்டு தடவை குடித்தான், இரண்டு தடவையும் மஞ்சளித்தது. அவள் தொழிலில் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. வேண்டுமென்று யாருக்கும் மறுபடி கொடுத்துப் பார்க்க முடியாது, கூடாது. தானாக நடந்தால்தான் உண்டு. அப்படி ஒன்று அவளுக்கு இப்போதுதான் கிடைத்தது. அது அவள் எழுதியது தவறு என்று சொன்னது.

பொடியை நிறுத்தினார்கள். வைரஸ் சோதனைகளில் ஒன்றும் இல்லை. ஐந்தாவது வாரம் ரத்தச் சோதனையில் ஈரல் எண்கள் இறங்கின. மற்றப் படிவங்களை எடுத்துப் பார்த்தாள். ஒன்பதாவது கேள்விக்குப் பதின்மூன்றிலும் அவள் கையெழுத்தில் ‘இல்லை’. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, “வாய் வழியா வேற என்னெல்லாம் உள்ள போச்சு?” என்று கேட்டாள். ஆறு பேர் பொடி என்றார்கள். இரண்டு பேர் இறந்திருந்தார்கள். எப்படி இறந்தார்கள், வலிப்பு வந்தா என்று அந்த வீடுகளில் அவள் கேட்கவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அதை வெளியிட்ட இதழுக்கு எழுதினாள். துறைத் தலைவர் ஞானசிங், “யாரும் கேக்கல்லியே மேடம். நீங்களா எதுக்கு?” என்றார். அதன்பிறகு அவரும் அவளிடம் அதிகம் பேசவில்லை.

ஆகஸ்டில் வலிப்பு டாக்டரின் கடிதத்தோடும் புதிய அட்டையோடும் மறுபடி தேங்காய்ப்பட்டணம் போனாள்.

“ஷாஹுல், ஈரலைக் கெடுத்தது அந்த வலிப்புக் குளிகை இல்ல. பொடிதான். நான் தப்பா எழுதிட்டேன். பழைய குளிகையைத் திரும்பப் போடலாம்னு டாக்டரும் எழுதியிருக்காரு. வலிப்பு நின்னா படகுல ஏறலாம்.”

அவன் வலையிலிருந்து கையை எடுத்தான். “அப்ப இந்த நாலு வருஷம்?”

“என் தப்பு.”

தஸ்ரின் வாசலில் நின்றாள். இந்தத் தடவை எதுவும் கலக்கட்டுமா என்று கேட்கவில்லை.

“வேண்டாம் டாக்டரே,” என்றான் ஷாஹுல்.

“ஏன்?”

“நாலு வருஷத்துக்கு முன்ன உள்ள டாக்டரு சொன்னதக் கேக்கவா, இப்ப உள்ள டாக்டரு சொல்லுறதக் கேக்கவா? ரெண்டும் நீங்கதான்.”

“சரி, அந்தப் பழைய அட்டையையாவது தாங்க.”

அவன் தரவில்லை. புதியதை வாங்கினான். இரண்டு பக்கமும் பார்த்தான். பர்ஸைத் திறந்து பழைய அட்டைக்குப் பின்னால் செருகினான்.

“ரெண்டும் கெடக்கட்டு. ஒங்க கையெழுத்துதான?”

ஒரு நாள் வலிப்பு வந்து அவன் எங்காவது விழுவான். ஆஸ்பத்திரியில் யாராவது பர்ஸைத் திறப்பார்கள். ‘கொடுக்கலாம்’ என்று ஒன்று, ‘ஒருபோதும் கொடுக்கக் கூடாது’ என்று ஒன்று. எந்த டாக்டரும் ‘கூடாது’ என்பதைத்தான் நம்புவார். அவளாக இருந்தாலும் அப்படித்தான்.

“அடுத்த மாசம் கூப்பிடுதேன்,” என்றாள்.

“எதுக்கு?” என்றான் ஷாஹுல், வலையை மடியில் இழுத்துக்கொண்டு. “கண்ணு இப்ப வெள்ளையாத்தான இருக்கு.”