கையெழுத்து வாங்காத மூன்று பேர்

தீயணைப்பு நிலையத்து எடை மிஷினில் 'ஏணி' ஏறி நின்றால் முள் இருநூற்றுப் பதினான்கு கிலோ காட்டியது. உயரத்துக்காக அந்தப் பட்டப்பெயர் வாங்கிய வீரரின் சொந்த எடை அறுபத்தெட்டு. சட்டை அளவு ஆறு வருஷமாக மாறவில்லை. மிஷினை மூன்று முறை பழுது பார்த்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் அது சரியாகவே காட்டியது. தீயணைப்பு வண்டியில் அவர் ஏறினால் பின் டயர் உட்கார்ந்தது. "மாப்ள, நீ ஏறுறதா இருந்தா முன்னாடியே சொல்லு, தொட்டித் தண்ணிய பாதி இறக்கிடுறேன்" என்பார் டிரைவர். வீட்டில் இரண்டு கட்டில்கள் முறிந்து, மூன்றாவதற்குச் செங்கல் முட்டுக்கொடுத்திருந்தது.

முதுகுவலிதான் தாங்கவில்லை. அடுத்த மாதம் உடல்தகுதித் தேர்வு. முழுக் கவசத்தோடு ஆறு மாடி ஏறவேண்டும். தவறினால் மிச்ச சர்வீஸ் முழுக்க டெலிபோன் மேஜைதான். மணி அடித்தால் ஓடியே பழகிய மனுஷருக்கு, அடுத்தவர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்காருவதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கவசமும் காற்று சிலிண்டரும் இருபத்திரண்டு கிலோ. தண்ணீர் நிறைந்த குழாயை இடுப்பைத் திருப்பி இழுக்கிறார்கள். மணி அடித்ததும், தசை சூடாகும் முன்பே தூக்கத்திலிருந்து தாவி எழுகிறார்கள். போதாததற்குக் கவலை வேறு: மனசு இறுகினால் தோளும் கூடவே இறுகி, தளர மறந்துவிடும். வலிக்கு விடை கிடைத்தது. மிகுதியான நூற்று நாற்பத்தாறு கிலோவுக்குக் கிடைக்கவில்லை.

அந்த விடையைச் சொன்னது பார்சல் ஆபீசில் வேலை பார்த்த மனைவி. "ஏங்க, இதுவரைக்கும் எத்தனை பேர தூக்கிட்டு வந்திருக்கீங்க?"

"மூணு. ஒரு டீச்சர், பேக்கரிக்காரர், ஒரு சின்னப் பொண்ணு."

"அப்புறம் அவங்க என்ன ஆனாங்க?"

"ஆம்புலன்ஸ் கதவ சாத்திட்டா நம்ம வேலை முடிஞ்சுதும்மா. கெட்ட சேதி வந்துடுமோன்னு யாரும் கேக்கவே மாட்டோம்."

"அதானே பார்த்தேன்! கையெழுத்து வாங்காத பார்சல் எங்க தலையிலதான் நிக்கும். நீங்க மூணு பேர இன்னும் டெலிவரியே பண்ணல."

மறுநாளே இருவரும் கிளம்பினார்கள். சின்னப் பெண் கதவைத் திறந்ததும் சண்டைக்கு வந்தாள்: "அங்கிள், என் ஒத்தச் செருப்ப உள்ளயே விட்டுட்டீங்க!" படி இறங்குவதற்குள் முப்பத்தொரு கிலோ போயிற்று. டீச்சர் வகுப்பையே எழுந்து கைதட்ட வைத்தார். ஏணி உட்கார்ந்திருந்த நாற்காலி முனகலை நிறுத்தியது. ஐம்பத்து நான்கு கிலோ போயிற்று. பேக்கரிக்காரர் மட்டும் பிழைக்கவில்லை. அவருடைய மகள் ஏணியை உட்காரவைத்துச் சொன்னாள்: "அப்பா மூணு நாள் இருந்தாருங்க, பேச்சு குறையவே இல்ல. உங்களத்தான் திட்டுனாரு. தோளா அது, எலும்பு வயித்துல குத்துச்சுன்னு." ஏணி சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். மிச்சமிருந்த அறுபத்தொன்றில் ஐம்பத்தேழு இறங்கியது. நாலு கிலோ தங்கிவிட்டது. "இருக்கட்டும், நாலு கிலோவ எந்த முதுகும் தாங்கும்" என்றார் டாக்டரம்மா.

தேர்வில் ஆறு மாடியையும் விசிலடித்துக்கொண்டே ஏறினார். இப்போது அந்த நிலையத்தில், யாரையாவது தூக்கி வந்தவர் மூன்றாம் நாள் தானே போய் நலம் விசாரித்துவிட்டு வந்து மிஷினில் ஏறுகிறார். முள் பழைய இடத்துக்கு வந்தால் சரி. வராவிட்டால் மறுபடி ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.