ஆண்டவர் வழியாக ஒரு புகார்

மாலை ஏழு மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் ஜெபத்துக்கு முழங்கால் போட்டால், வீட்டில் ஒரு பொருள் அசையாது. சோறு ஆறிக்கிடக்கும். சொட்டிக்கொண்டிருந்த குழாய் கப்சிப்பென்று நின்றுவிடும். சுவரில் இருக்கும் பல்லி ஆமென் வரைக்கும் கண்ணை மூடியபடி அதே இடத்தில் இருக்கும். ஒருமுறை பொறுக்கமாட்டாமல் வாலை மட்டும் கழற்றி வெளியே அனுப்பிவைத்தது. அவர் மனைவியே பக்கத்து வீட்டில் சொன்ன செய்தி இது, நம்பாமல் இருக்க முடியாது.

ஜெபம் நீண்டதற்குக் காரணம் மகள். வயது பதின்மூன்று. பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்பேன் என்று ஞானஸ்நானத்தன்று சபை முன்னால் வாக்குக் கொடுத்தவர் அவர். கையில் எடுத்த போல்ட்டைப் பாதி முறுக்கில் விடுகிற ஆள் இல்லை. ஆகவே அவளுடைய அன்றாட விவரங்களைப் பரலோகத்துக்கு ஒருநாளும் தவறாமல் சேர்ப்பித்தார்.

"ஆண்டவரே, கணக்குல முப்பத்தொண்ணு வாங்கியிருக்கா. போனை வைன்னா முறைக்கிறா. ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல தூங்கினா, நீங்களே பாத்திருப்பீங்க..."

ஒரு திங்கட்கிழமை, இந்த இடத்தில் மகள் எழுந்து நின்றாள்.

"நீங்க ஆண்டவர்கிட்ட பேசலைப்பா. அவரை நடுவுல உக்கார வச்சுக்கிட்டு என்னைத் திட்டுறீங்க. இனிமே நான் முட்டி போட மாட்டேன்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"கேட்டீங்களா, ஆண்டவரே..." என்று ஆரம்பித்தவரை மனைவி முழங்கையால் இடித்தாள். "ஏங்க, இதையும் போட்டுக் குடுக்காதீங்க."

மூன்று நாள் ஜெப நேரத்தில் அந்தக் கதவு திறக்கவில்லை. வேறொருவராக இருந்தால் விட்டுத் தொலைத்திருப்பார். இவருக்கோ கொடுத்த வாக்கு ஒரு பக்கம், மகள் சொன்னது நிஜம் என்பது மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு முடிவெடுத்தார்: ஜெபத்தை நிறுத்துவதில்லை, ஆனால் மகளைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை. வியாழக்கிழமை அவள் கதவுக்கு வெளியிலேயே முழங்கால் போட்டார்.

"ஆண்டவரே..."

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷமாக அடுத்தவர் சங்கதியையே பேசிப் பழகிய வாய். கால் மணி நேரம் போயிற்று. பல்லி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. அவர் எழுந்திருப்பதாக இல்லை. கடைசியில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்துல, போன வாரம் லிஃப்ட் பிரேக்கைத் திறந்து பாத்திருக்கணும். முட்டி வலின்னு மொட்டை மாடி மெஷின் ரூம் ஏணியில ஏறலை. பாத்தாச்சுன்னு கையெழுத்து மட்டும் போட்டுட்டு வந்துட்டேன்."

கதவு திறந்தது.

"அந்த லிஃப்ட்ல இப்ப ஆளுங்க போறாங்களா?"

"போறாங்கம்மா."

"அப்புறம் எதுக்கு இன்னும் முட்டி போட்டுட்டு இருக்கீங்க?"

அவர் கருவிப் பையை எடுத்தார். அவள் கேட்காமலே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கட்டடத்தில் லிஃப்டைக் கீழே இறக்கி, சாவி போட்டு நிறுத்தி, 'லிஃப்ட் ஓடாது' என்ற பலகையை மாட்டினார். காய்கறிப் பையோடு வந்த பெரியவர் எகிறினார். "ஏம்ப்பா, இப்பவா? நான் எட்டாவது மாடி!"

"தப்பு என்னுதுங்க. பாக்காமலே பாத்தேன்னு எழுதிட்டேன்." சொல்லிவிட்டு, பெரியவரின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார். கட்டின காலத்தைவிட மாடிகள் இரண்டு மடங்காகியிருந்ததாக அவர் முழங்கால்கள் சாட்சி சொல்லின. எட்டாவது மாடியில் பையைக் கொடுத்ததைத் தவிர எங்கும் நிற்கவில்லை.

மெஷின் ரூமில் பல்பு எரியவில்லை. மெயின் சுவிட்சை இறக்கி மின்சாரத்தை நிறுத்தினார். மகள் டார்ச் பிடித்தாள். பிரேக் மூடியில் ஸ்பேனரை மாட்டியவர் திருகாமல் நின்றார்.

"என்னப்பா?"

"உள்ள எப்படி இருக்குமோன்னு பயமா இருக்கும்மா."

கொஞ்ச நேரத்தில் டார்ச் வெளிச்சம் மெல்ல நழுவி, மூடியிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து கூரைக்கும் போய்விட்டது. நேராகப் பிடி என்று சொல்லத் திரும்பினார். மகள் கண்களை மூடியிருந்தாள். உதடுகள் அசைந்தன, சத்தமில்லை.

யாரைப் பற்றி, என்ன சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ள அவருக்குக் காது துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்பேனரை விடாமல், இருட்டிலேயே காத்திருந்தார்.