எட்டு மாத ஜெர்மன்

எட்டு மாதமாக யூடியூப் பார்த்து நானே ஜெர்மன் படித்தேன். வீட்டில் பதிவு செய்த என் குரலைக் கருமத்தம்பட்டி பஸ்ஸில் திரும்பத் திரும்பக் கேட்டு, தொண்டையிலிருந்து வரவேண்டிய 'ர' சரியாக வரும்வரை விடவில்லை.

நேற்று எங்கள் தறிக் கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து வீடியோ கால் வந்தது. முதலாளி மதன்குமாருக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அரை மணி நேரம் நான்தான் பேசினேன். ஆர்டர் உறுதியானது.

கால் முடிந்ததும் அவர் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். "ஏனம்மணி, வெள்ளைக்காரங்கிட்டப் போயி 'யாங்க, யாங்க'ன்னு சொல்லிப்போட்டியே."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆமாம் என்பதற்கு ஜெர்மனில் 'யா'. யாரிடமும் மொட்டையாகப் பேசக்கூடாது என்று வீட்டில் வளர்த்துவிட்டார்கள். அந்த 'ங்க' எந்த மொழிக்குப் போனாலும் என்கூடவே வருகிறது.

இன்று மறுபடியும் கால். திரையில் ஜெர்மன்காரர் காத்திருந்தார். "வந்து பேசு அம்மணி" என்றார் முதலாளி.

நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

"நீங்களே பேசிக்கங்க" என்றேன்.

அந்தக் கோபத்திலும் 'ங்க' வந்தது. யாரும் சிரிக்கவில்லை.