ஒரு குரோஸுக்கு எத்தனை

நாகையா அனுப்பிய வீடியோவை மூன்று நாள் நான் திறக்கவே இல்லை. "நம்ம பழைய டி.வி. போட்டிய எவனோ ஏத்தி விட்ருக்கான். கூட்டத்துல நீயும் ஒங்க அக்காவும் உக்காந்திருக்கீக" என்று கீழே எழுதியிருந்தான். கட்டிங் மெஷினில் என்னோடு இருபது வருஷம் நின்றவன், நல்லது செய்வதாக நினைத்துத்தான் அனுப்பியிருப்பான். எனக்குத்தான் அதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

லாட்டரிச் சீட்டுக்கு நம் பக்கம் தடை வருவதற்கு நாலைந்து வருஷம் முந்திய கதை அது. நாடு முழுக்க விற்ற ஒரு சீட்டு, அதன் முதுகில் ஒரு கூப்பன். பெயர், விலாசம் எழுதி அனுப்பினால் குலுக்கிப் போட்டு, வந்தவரை மெட்ராஸுக்குக் கூப்பிட்டு டி.வி.யில் கேள்வி கேட்பார்கள். 'அறிந்தால் அதிர்ஷ்டம்' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது ஓடுகிறபோது ஆமத்தூரில் அக்கா வீட்டுத் தோசை ஒன்றாவது கருகும். கேள்வி முடிவதற்குள் அடுப்படியிலிருந்து பதில் வந்துவிடும்.

அக்கா வீரலட்சுமி பத்தாவதோடு நின்றவள். நான் வேலை பார்த்த சிவகாசி அச்சுக் கம்பெனியில் பொது அறிவுப் புத்தகங்களும் அடிப்போம். வீணாய்ப் போன தாள்களை வாரம் ஒரு கட்டு அவளுக்குக் கொண்டுபோய்ப் போடுவேன். மடிக்காத தாளில் பக்கங்கள் தலைகீழாகவும் முன்பின்னாகவும் கிடக்கும். அதைச் சுற்றிச் சுற்றிப் படிப்பாள். ஆறுகள் உள்ள தாள் வந்து மலைகள் உள்ள தாள் வராவிட்டால் என்னோடு சண்டைக்கு நிற்பாள். "ஏலே, இமயமலைய ஒங்க மொதலாளி தின்னுட்டாரா" என்பாள்.

அதற்கும் முன்னால் எனக்கு வாத்தியாரும் அவள்தான். சின்ன வயதில் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவோம். ஒட்டியதைப் பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்குவாள். பன்னிரண்டு அடுக்கு ஆனால் ஒரு குரோஸ், நூற்று நாற்பத்து நாலு. அந்த அடுக்கை எண்ணித்தான் எனக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வந்தது. பள்ளிக்கூடத்துப் பிரம்புக்கு வரவில்லை.

மச்சான் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய சீட்டில் அக்கா தன் பெயரை எழுதி அனுப்ப, அழைப்பு வந்தது. மச்சானுக்குக் கடலை பறிக்கிற நேரம். துணைக்கு நான் போனேன். மெட்ராஸ் போகிற வரைக்கும் ரயிலில் அவள் தூங்கவில்லை, என்னையும் தூங்க விடவில்லை. நாட்டின் பெயரை நான் சொல்ல வேண்டும், தலைநகரை அவள் சொல்வாள்.

அங்கே டி.வி. நிலையத்தில் ஒரு ஃபாரத்தை நீட்டினார்கள். சீட்டு அடிக்கிற கம்பெனியில் தன் ரத்த சொந்தம் யாரும் வேலை பார்க்கவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சீட்டை அடித்தது எங்கள் கம்பெனி. வெட்டியதே நான். சிவகாசிப் பக்கம் அச்சாபீஸில் தம்பி இல்லாத அக்கா உண்டா? அதனால்தான் அது ஒரு தடையாகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

"போட்டுத் தொலைக்கா. எவன் வந்து பாக்கப் போறான்" என்றேன்.

"பொய்க்குக் கீள எம் பேர எளுதச் சொல்லுதியா?"

ஃபாரம் கொடுத்த அம்மாள் நல்லவர். "தம்பி வேலையை விட்டுட்டதா இப்பவே எழுதிக் குடுத்தாக்கூடப் போதும்மா. நான் உள்ள பேசிக்கிறேன்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். தீபாவளி கழிந்ததும் என்னை மெஷின்மேன் ஆக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். வேலை வேறு எங்கும் கிடைத்திருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பேனாவை மூடி அந்த அம்மாளிடம் கொடுத்தாள். எங்களைக் கூட்டத்தோடு உட்கார வைத்தார்கள். அவள் நாற்காலிக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் போனார்.

அதற்கப்புறம் அதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அவள் வீட்டில் சாப்பிட்ட ஒவ்வொரு சாப்பாட்டிலும் எனக்கு அது ஒரு கல்லாகத் தட்டுப்பட்டது.

நாலாம் நாள் போனை எடுத்துக்கொண்டு ஆமத்தூர் போனேன். இன்றைக்காவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு. அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அட, நம்ம மாம்பளக் கலர் சேல" என்றாள்.

கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தோம். கேமரா அவ்வப்போது எங்கள் பக்கம் திரும்பியது. அரைத்த சந்தனம் மாதிரி நான் வெளிறிப்போய் இருக்கிறேன். அக்காவின் உதடு ஒவ்வொரு கேள்விக்கும் அசைகிறது. அன்றைக்கு நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை, அழுதுகொண்டிருந்தாள் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். அழவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கேள்வி வந்தது. நான் மறக்காத கேள்வி. "ஒரு குரோஸ் என்றால் எத்தனை?"

தஞ்சாவூர்க்காரர் நெற்றியைத் துடைத்தார். கேமரா கூட்டத்துக்கு வந்தது. மாம்பழச் சேலை, அசைகிற உதடு. நூற்று நாற்பத்து நாலு. சத்தம் இல்லாமலே தெளிவாகத் தெரிந்தது. தஞ்சாவூர்க்காரர் நூறு என்றார். மணி அடித்துவிட்டார்கள்.

"அக்கா" என்று ஆரம்பித்தேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லவேள, நான் அங்கன போயி உக்காரலலே. கடைசிக் கேள்வில தோத்துத்தான் வந்திருப்பேன்."

"என்னக்கா சொல்லுத?"

"குரோஸாவது ஒண்ணாவது. எனக்கு என்னலே தெரியும் அதெல்லாம். நானும் நூறுன்னுதான் சொல்லிருப்பேன். நீ கெடந்து மருகாத."

பொய்க்குக் கீழே பெயர் எழுத மாட்டேன் என்று மெட்ராஸிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. பஸ்ஸில் கோத்துக்கொண்டு வந்த மன்னிப்பை அப்படியே விட்டுவிட்டேன்.

"ஆமாக்கா" என்றேன். "கஷ்டமான கேள்விதான்."