எண் போட்ட பொட்டலம்

ஆராய்ச்சிக்கென்று வந்தவர்கள் வாசற்படித் தூசியைச் சின்னப் பிரஷ்ஷால் கூட்டிப் பொட்டலத்தில் போட்டபோது முத்துப்பேச்சிக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் பிடரியில் ஒரு கற்றை முடியை நறுக்கி இன்னொரு பொட்டலத்தில் போட்டபோதும் தோன்றவில்லை. அவர்கள் போன பிறகு குழாயடியில் குருவம்மாள் மதினி, "காலடி மண்ணும் தலைமுடியும் எதுக்கு வாங்கிட்டுப் போவாகன்னு ஒனக்குத் தெரியாதாடி?" என்று கேட்டதும்தான் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து, இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு தங்கிய பிள்ளை இருக்கிற வயிறு அது.

வந்தவர்கள் மூன்று பேர். ரசாயனம் படித்த ஜாஸ்பின், டாக்டருக்குப் படித்த ஒரு பையன், ஜனங்களின் வாழ்க்கையைப் பற்றிப் படித்த பிரீத்திகா. பட்டாசு மருந்து உடம்பில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்களாம். ஒருவர் படிப்பை மற்றவர் கற்றுக்கொள்ளத்தான் சேர்த்து அனுப்பியிருக்கிறார்களாம். பயிற்சியாம். வீடு வீடாகப் போய் முடி வெட்டுவது என்ன பயிற்சி? சலூன்காரன்கூடக் கடைக்குள்ளேயேதான் கற்றுக்கொள்கிறான். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? அவளை மலடி என்று எட்டு வருடம் வாய் ஓயாமல் சொன்ன நாத்தனார் வீட்டில்தான் அந்த டாக்டர் பையன் நேற்றுக் காப்பி குடித்தான். நாத்தனார் செய்வினை வைக்கத்தான் முடியும் மண்ணும் கேட்டிருக்கிறாள் என்று முத்துப்பேச்சி முடிவு கட்டினாள்.

மதினியையும் கூட்டிக்கொண்டு, அவர்கள் சாமான் வைத்திருந்த சமுதாயக் கூடத்துக்குப் போனாள். ஜாஸ்பினும் பிரீத்திகாவும் பொட்டலங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எம்முடியக் குடுத்துருங்க."

ஜாஸ்பின் திகைத்துப்போனாள். விருதுநகர்ப் பெண்தான், நர்ஸ் மகள். "அக்கா, ஈயம் ஏறியிருந்தா வயித்துப் பிள்ளையப் பாதிக்கும். அதப் பாக்கத்தான் கேட்டோம்."

"அப்ப பொட்டலத்துல எம்பேர ஏன் எழுதல?"

"யாரோடதுன்னு வெளிய தெரியக் கூடாதுல்லக்கா. அதான் நம்பர் போட்டுருக்கு."

"வெளிய தெரியாமச் செய்யுற காரியந்தான அது."

ஜாஸ்பினுக்குப் புரியவில்லை. பிரீத்திகாவுக்குத்தான் சட்டென்று உறைத்தது. நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "முடி, வாசல் மண்ணு... ரெண்டையும் ஒண்ணா கேட்டுருக்கோம். இது தோணாம நான் என்னத்தப் படிச்சேன்? குடுத்துரு ஜாஸ்பின். அவங்க வேண்டான்னா வேண்டாந்தான்."

"தெருவுலயே மாசமா இருக்கது இவங்க ஒருத்தங்கதான். இவங்க முடிதான் முக்கியமா வேணும்."

என் முடிதான் வேணுமாம்! சந்தேகத்துக்கு இனி என்ன சாட்சி வேண்டும்? முத்துப்பேச்சி கையை நீட்டியபடியே நின்றாள். ஜாஸ்பின் போனில் எண்ணைப் பார்த்து இரண்டு பொட்டலங்களை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது கண் கலங்கியிருந்தது. அந்த அழுகையைக்கூட முத்துப்பேச்சி நம்பவில்லை.

மண்ணை வேலியோரம் கொட்டிக் காறித் துப்பினாள். முடிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் அடுத்த பயம் வந்தது. பேரில்லாத பொட்டலம். வேறு எவள் முடியையாவது கொடுத்துவிட்டு இவள் முடியை அவர்களே வைத்துக்கொண்டிருந்தால்?

தன் சடை நுனியை முன்னால் இழுத்துப் பக்கத்தில் வைத்து வெயிலில் பார்த்தாள். பொட்டலத்து முடியில் பொடிப்பொடியாக வெள்ளி மின்னியது. சடையிலும் மின்னியது. பட்டாசுக் கம்பெனியில் அலுமினியத் தூள் சலிக்கிற தலையாயிற்றே. "மதினி, என்னோடதுதான்!" என்று சந்தோஷமாகக் கத்தினாள்.

"எங்கன, காட்டு" என்று குருவம்மாள் குனிந்தாள். அவள் வகிட்டின் இரு பக்கமும் அதே மினுமினுப்பு.

கம்பெனி வேன் ரோட்டோரம் வந்து நின்றது. பகல் ஷிப்ட் முடிந்த பெண்கள் முக்காட்டை உதறியபடி ஒவ்வொருவராக இறங்கினார்கள். சாயங்கால வெயில் அத்தனை தலைகளிலும் பட்டு மின்னியது. முத்துப்பேச்சி பொட்டலத்து முடியையும் ஒவ்வொரு தலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாளைக்கு வேலைக்கு வாரியாக்கா?" டிரைவர் கேட்டான்.

பொட்டலத்தைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு அவள் வருவதாகத் தலையாட்டினாள்.